விளக்கம்: காருக்கு டர்போ பொருத்துவோர் முதலில் தேட வேண்டியது கணினியையா, டியூனரையா?

புதுதில்லி: பழைய பெட்ரோல் காருக்கு டர்போ பொருத்திப் பந்தயத் தளத்தில் ஓட்ட விரும்பும் ஆர்வலர்கள், டர்போ, இன்டர்கூலர், சைலன்சர் குழாய் ஆகியவற்றுக்குப் பெரும் தொகையைச் செலவிட்ட பிறகே என்ஜினை இயக்கும் கணினியைப் பற்றி யோசிக்கின்றனர். சில வாரங்களில் பிஸ்டன் உடைந்து என்ஜின் பிரிக்கப்படும்போது, பழி பெரும்பாலும் டர்போவின் மீது விழுகிறது. தவறான அளவில் எரிபொருள் தெளித்த கணினியும், அதற்கு அந்த அளவைச் சொல்லிக் கொடுத்தவரும் பேச்சில் வருவதில்லை.

'இசியூ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கணினியை எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்பதே ஆர்வலர்களிடையே ஓயாத விவாதம். ஆனால், அந்தக் கணினிக்குள் கணக்குகளை எழுதப்போகும் டியூனர் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், கணினி பற்றிய கேள்விக்கு ஏறக்குறைய விடை கிடைத்துவிடும். காரணத்தை அறிய, டர்போ ஒரு சாதாரண என்ஜினில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் சட்டத்தை.

சாலையில் அனுமதி இல்லை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2019 ஜனவரியில் இந்தத் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மாற்றத்தை மறைத்துப் பெற்ற காப்பீட்டில் இழப்பீடு மறுக்கப்படும் அபாயமும் உண்டு.

எனவே, ஆலையில் டர்போ இல்லாமல் வந்த காருக்கு அதைப் பொருத்தினால், அந்தக் கார் பந்தயத் தளத்துக்கு உரியதாகிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை, கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்வதேசத் தளம் போன்ற இடங்களுக்கு அதை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு அங்கீகரிக்கும் போட்டிகளில் பங்கேற்பவர், எந்தப் பிரிவில் டர்போவுக்கு இடமுண்டு என்பதை விதிப் புத்தகத்தில் பார்த்த பின்னரே ஸ்பேனரைக் கையில் எடுப்பது நல்லது.

ஆலையிலிருந்தே டர்போவுடன் வரும் கார்களின் கதை வேறு. அவற்றின் கணினி, உணரிகள், பிஸ்டன் அனைத்தும் அந்த அழுத்தத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. டர்போ இல்லாமல் பிறந்த என்ஜினுக்கு அந்த வசதி எதுவும் கிடையாது.

ஒன்றரை மடங்குக் காற்று

இந்திய ஆர்வலர்கள் டர்போ பொருத்தத் தேர்ந்தெடுக்கும் கார்களில் 1998 முதல் 2003 வரை விற்பனையான முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, மாருதி எஸ்டீம், 2005-இல் அறிமுகமான 1.3 லிட்டர் பெட்ரோல் மாருதி ஸ்விஃப்ட் ஆகியவை உண்டு. எடை குறைவு, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், மின்னணு அமைப்புகள் சிக்கலற்றவை என்பன அவற்றின் பலம்.

இவற்றில் ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். அதன் 1,298 சிசி என்ஜின் ஆலையில் அளித்த திறன் 87 குதிரைத்திறன். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். டர்போ அதற்கு மேல் அரை பார் அழுத்தத்தைத் தள்ளினால், ஏட்டளவில் ஒன்றரை மடங்குக் காற்று சிலிண்டருக்குள் நுழையும். அதற்கேற்ற அளவில் பெட்ரோலும் நுழைய வேண்டும். காற்றின் அளவைக் கணிக்க இந்த என்ஜின் பயன்படுத்துவது உட்குழல் அழுத்த உணரி. டர்போ இல்லாத கார்களில் இந்த உணரி பொதுவாக 1 பாரைச் சற்றுத் தாண்டியதுமே எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் உள்ளே எவ்வளவு காற்று வந்தாலும் கணினிக்குத் தெரியாது. ஒரு லிட்டர் படியால் ஒன்றரை லிட்டர் பாலை அளக்க முயல்வது போன்றது இது. படி நிரம்பியதும் மீதி வழிந்தோடுகிறது; கணக்கில் ஒரு லிட்டர்தான் பதிவாகிறது. விளைவு, காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை.

அழுத்தம் கூடும்போது காற்று சூடாவதும் உண்டு. 35 டிகிரி செல்சியஸ் காற்றை 1.5 பாருக்கு அழுத்தும் டர்போவின் செயல்திறன் 65 சதவீதம் என்று கொண்டால், வெளியேறும் காற்று 90 டிகிரியைத் தாண்டும். நாகபுரியின் மே மாத வெயிலில் 45 டிகிரியில் தொடங்கினால் அது 100-ஐக் கடந்துவிடும். இன்டர்கூலர் இதில் பெரும் பகுதியைக் குறைக்கும், முழுவதையும் அல்ல.

சூடான, பெட்ரோல் குறைந்த கலவை ஸ்பார்க் பிளக்கின் தீ வந்து சேருமுன் தானாகவே வெடிக்கத் தொடங்குகிறது. 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் உலோகத் தட்டல் ஒலி இதுதான். 6,000 சுழற்சியில் ஓடும் என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 50 முறை வெடிக்கிறது. தட்டல் ஒலி காதில் விழுந்து, ஓட்டுநர் பெடலிலிருந்து காலை எடுப்பதற்குள் அத்தகைய ஐம்பது அடிகள் பிஸ்டன் மீது விழுந்திருக்கும். வார்ப்பு பிஸ்டன்களில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதி முதலில் விரிசல் விடுவது இதனால்தான்.

மூன்று வழிகள்

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, 'பிக்கிபேக்' எனப்படும் துணைக் கணினி. உணரிக்கும் ஆலைக் கணினிக்கும் நடுவே அமர்ந்து, செல்லும் தகவலைச் சற்றே திருத்தி அனுப்பும் பெட்டி இது. சிஎன்ஜி பொருத்திய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு அறிமுகமானதே. பெட்ரோல் இன்ஜெக்டருக்குச் செல்லும் மின்துடிப்பைப் படித்து அதை எரிவாயு இன்ஜெக்டருக்கு ஏற்ற அளவாக மாற்றும் கருவி ஒருவகைத் துணைக் கணினிதான். ஒப்புதல் பெற்ற சிஎன்ஜி கருவிகளுக்குச் சட்டத்தில் இடமுண்டு. டர்போவுக்கு அந்தச் சலுகை இல்லை.

துணைக் கணினி மலிவானது. குளிர்சாதனம், மீட்டர், திருட்டுத் தடுப்பு அமைப்பு ஆகியவை பழையபடியே வேலை செய்யும். ஆனால், ஆலைக் கணினி தன் போக்கில் கற்றுக்கொள்ளும் இயல்புடையது. சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி காட்டும் அளவை வைத்து, துணைக் கணினி செய்த திருத்தத்தைச் சில நாள்களில் அது தானே ரத்து செய்துவிடலாம். ஒரே எஜமானருக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் இருந்தால் நேர்வதுதான் இது. மிகக் குறைந்த அழுத்தத்துக்கு மேல் இதை நம்புவது சரியல்ல.

இரண்டாவது வழி, ஆலைக் கணினியின் மென்பொருளையே திருத்தி எழுதுவது. சில ஹோண்டா என்ஜின்களுக்கு இதற்கெனத் தேர்ந்த கருவிகள் வெளிநாடுகளில் உள்ளன. இந்தியாவில் விற்பனையான எல்லா மாடல்களுக்கும் அது பொருந்தாது. ஒரே பெயரில் வந்த கார் என்றாலும் நாட்டுக்கு நாடு கணினி வேறுபடும்.

மூன்றாவது, ஆலைக் கணினியின் வேலையை முழுவதுமாக ஏற்கும் தனித்த கணினி. அரை பார் அழுத்தத்தைத் தாண்ட நினைப்பவர்களுக்கு நடைமுறையில் எஞ்சுவது இதுவே. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் ஈசியூமாஸ்டர் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. அமெரிக்கர்களான புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ ஆகியோர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ பலகையை அடிப்படையாகக் கொண்ட திறந்தமூலத் திட்டமான ஸ்பீடுயினோ ஆகியவை குறைந்த செலவில் முடிக்க நினைப்பவர்களின் தேர்வு. வெளிநாட்டுக் கணினிகளுக்குச் சுங்க வரியும் சேர்வதால், பெட்டியின் விலைக்கும் கைக்கு வரும் விலைக்கும் கணிசமான இடைவெளி இருக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது கிராங்க் சக்கரத்தின் பல் அமைப்பு. கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை, சுழலும் பற்சக்கரம் ஒன்றைப் பார்த்தே கணினி அறிகிறது. 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம், 60 பல்லில் இரண்டு குறைந்த சக்கரம் என்று இதில் பல வகைகள் உண்டு. கணினிக்கு அந்த அமைப்பு புரியாவிட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அரைகுறையாகப் புரிந்தால் இன்னும் மோசம்: அதிக வேகத்தில் பல் எண்ணிக்கை தவறி, தவறான நொடியில் தீப்பொறி விழும். அடுத்து, 2.5 அல்லது 3 பார் வரை அளக்கும் அழுத்த உணரியை இணைக்க முடியுமா, காயில்களையும் இன்ஜெக்டர்களையும் நேரடியாக இயக்கும் இணைப்புகள் போதுமா என்பவை.

விலை கூடிய கணினிகளில் கிடைக்கும் உண்மையான லாபம் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இருக்கிறது. காற்றழுத்தம் எல்லை மீறினாலோ, ஆயில் அல்லது பெட்ரோல் அழுத்தம் விழுந்தாலோ, கலவையில் பெட்ரோல் குறைந்தாலோ கணினி தானாக என்ஜினை அடக்கும். பெட்ரோல் பம்ப் பழுதான நாளில் என்ஜினைக் காப்பாற்றுவது இந்த ஒரு வசதியாகத்தான் இருக்கும். வண்ணத் திரை, கைப்பேசிச் செயலி போன்றவற்றுக்குப் பணம் கொடுப்பதைவிட இதற்குக் கொடுப்பது மேல்.

256 கட்டங்களை நிரப்புபவர்

புதிய கணினி பெட்டியிலிருந்து வரும்போது அதற்கு இந்த என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாது. உள்ளே இருப்பவை வெற்று அட்டவணைகள். என்ஜின் வேகம் ஒருபுறம், உட்குழல் அழுத்தம் மறுபுறம் என 16-க்கு 16 அளவில் எரிபொருளுக்கு ஓர் அட்டவணை என்றால், அதில் 256 கட்டங்கள். தீப்பொறி விழும் நேரத்துக்கு இன்னோர் அட்டவணை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்வது, திடீரென்று பெடலை அழுத்துவது, சூடான காற்று உள்ளே வருவது ஆகியவற்றுக்குத் தனித்தனித் திருத்தங்கள். இவற்றை நிரப்புவதே டியூனரின் வேலை.

இங்குதான் கணினியின் பெயரைவிட டியூனரின் பழக்கம் பெரிதாகிறது. ஒரு மென்பொருளில் பத்து என்ஜின்களை முடித்தவர், எந்தக் கட்டத்தில் தவறு ஒளிந்திருக்கும் என்பதைப் பதிவைப் பார்த்ததும் அறிவார். அதே நபரிடம் அவர் தொட்டிராத விலையுயர்ந்த கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் அதைக் கற்றுக்கொள்வது வாடிக்கையாளரின் பிஸ்டன்கள் மீதுதான். ஊரில் இருப்பவர் மெகாஸ்குவர்ட்டில் தேர்ந்தவர் என்றால் மெகாஸ்குவர்ட், லிங்கில் தேர்ந்தவர் என்றால் லிங்க். இந்த வரிசையை மாற்றிக் கணினியை முதலில் வாங்கியவர்கள், அதைத் தெரிந்தவரைத் தேடி வேறு மாநிலத்துக்குக் காரை ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும். சிறு கோளாறு ஒவ்வொன்றுக்கும் அதே பயணம்.

நல்ல டியூனரை அடையாளம் காணச் சில கேள்விகள் உதவும். இன்ஜெக்டரின் அளவை எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டால், அவர் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இலக்கு 150 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், டர்போ என்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் தேவைப்படும் என்பது வழக்கமான கணிப்பு. அதன்படி மணிக்கு ஏறத்தாழ 40 கிலோ. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்து, எதுவும் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 290 சிசி அளவில் தெளிக்க வல்லதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் 'பெரிதாகப் போட்டுவிடலாம்' என்பவரிடம் காரை விடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். அளவுக்கு மீறிப் பெரிய இன்ஜெக்டர், ஐடிலிங்கில் என்ஜினைத் திணறடிக்கும்.

அடுத்த கேள்வி டைனோ பற்றியது. காரை உருளைகள் மீது நிறுத்தி ஓட்டித் திறனை அளக்கும் இந்த இயந்திரத்தில் இரு வகை உண்டு. கனமான உருளையைச் சுழற்றும் வேகத்தை மட்டும் அளப்பது ஒன்று. தேவையான வேகத்தில் என்ஜினைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கொண்டது மற்றொன்று. அட்டவணையின் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்ப இரண்டாவதே ஏற்றது. டைனோ தாளில் அச்சாகும் பெரிய எண்ணுக்கு ஆர்வலர்கள் தரும் மதிப்பு அதற்குத் தகுதியானதல்ல. டைனோவுக்கு டைனோ எண் மாறும். சக்கரத்தில் அளந்ததா, என்ஜினுக்கு மதிப்பிட்டதா என்பதைப் பொறுத்தும் மாறும். பொதுச் சாலையில் இரவு நேரத்தில் ஓட்டி டியூன் செய்யலாம் என்று சொல்பவரைத் தவிர்ப்பதே சட்டத்துக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

இணையம் வழியே தொலைவிலிருந்து டியூன் செய்வோரும் உள்ளனர். பதிவுகளைப் பார்த்து எரிபொருள் அட்டவணையைத் திருத்த இது போதும். நாக்கிங் ஒலியைக் கேட்கவும், பெட்ரோல் ஒழுகும் வாடையை உணரவும் காரின் அருகில் ஒருவர் தேவை.

மாறிவிட்ட பெட்ரோல்

இந்தியாவில் டியூன் செய்பவர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று எரிபொருள். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2030-இலிருந்து 2025-26-க்கு மத்திய அரசு முன்னகர்த்தியது. இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகப்படுத்தப்பட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்த இ20-க்கு இது 13.5 கிலோ அளவுக்கு இறங்குகிறது. அதாவது, அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. மேலே சொன்ன 290 சிசி இன்ஜெக்டர் கணக்கு இதனால் 310-ஐத் தாண்டுகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எழுதிய அட்டவணையை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே ஏற்றுபவர், முழு அழுத்தத்தில் குறைந்த பெட்ரோலில் என்ஜினை ஓட்டுகிறார்.

எத்தனாலால் நன்மையும் உண்டு. அதன் ஆக்டேன் எண் உயர்வு என்பதால், சாதாரண பி.எஸ்.6 பெட்ரோலின் 91-லிருந்து இ20-இல் அது 95-க்கு உயர்வதாகப் பெட்ரோலிய அமைச்சகம் கூறுகிறது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் கொண்டுவந்த 100 ஆக்டேன் பெட்ரோலைப் பயன்படுத்துவோரும் உள்ளனர். அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. 100 ஆக்டேனுக்கு எழுதிய தீப்பொறி நேரத்துடன் சாதாரண பெட்ரோலை நிரப்பினால் நாக்கிங் தொடங்கும். எந்த பங்க்கின் எந்தப் பெட்ரோலில் டியூன் செய்யப்பட்டது என்பதை எழுதி வாங்கிக்கொள்வது மிகைப்படுத்தல் அல்ல. எத்தனால் அளவைத் தானே அறியும் உணரியை ஏற்கும் கணினியாக இருந்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

கலவையைக் கண்காணிக்க, ஆலையில் வரும் ஆக்சிஜன் உணரி போதாது. பரந்த அளவில் காட்டும் 'வைட்பேண்ட்' உணரி தேவை. பாஷ் நிறுவனத்தின் எல்எஸ்யூ 4.9 பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதால் அதன் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பொய் சொல்லும் உணரியை நம்பி டியூன் செய்வது, உணரியே இல்லாமல் செய்வதைவிட ஆபத்தானது.

உயரமும் கணக்கில் சேரும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கு காற்றழுத்தம் சென்னை அல்லது மும்பையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. பெங்களூருவில் டியூன் செய்த காரைக் கடற்கரை நகரத்துக்குக் கொண்டு சென்றால், தொட்டிராத கட்டங்களுக்குள் என்ஜின் நுழையக்கூடும். அந்தக் கட்டங்கள் காலியாக விடப்பட்டனவா, கவனமான மதிப்பீட்டில் நிரப்பப்பட்டனவா என்று டியூனரிடம் கேட்க வேண்டும்.

கடவுச்சொல் யாரிடம்?

பணம் கைமாறும் முன் பேசி முடிக்க வேண்டிய மற்றொன்று, கோப்பின் உரிமை. தங்கள் உழைப்பைப் பிறர் நகலெடுக்காமல் இருக்க, டியூனர்கள் சிலர் கணினியைக் கடவுச்சொல்லால் பூட்டிவிடுகின்றனர். அவர்கள் தரப்பு நியாயம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், அவர் தொழிலை விட்டாலோ, இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டாலோ, பூட்டிய கணினியை இன்னொரு டியூனர் திறக்க இயலாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். டைனோ கட்டணம் இரண்டாம் முறை. பூட்டு இருக்குமா, இருந்தால் எந்த நிபந்தனையில் திறக்கப்படும், டியூனிங்கின்போது என்ஜின் சேதமடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை ரசீதிலேயே குறிப்பிடச் செய்யலாம். பொறுப்பே ஏற்க மாட்டேன் என்று எழுதுபவரும் இருப்பார். அது முன்கூட்டியே தெரிவது நல்லதுதான்.

வேலை முடிந்த நாளில் உரிமையாளர் கையில் இருக்க வேண்டியவை மூன்று: அட்டவணைகள் அடங்கிய கோப்பின் நகல், முழு அழுத்தத்தில் ஓடியபோது எடுத்த பதிவு, கம்பி இணைப்புகளின் வரைபடம். இவற்றில் வரைபடத்தைத்தான் பெரும்பாலானோர் கேட்க மறந்துவிடுகின்றனர். பந்தய நாள் காலையில் ஓர் உணரியின் கம்பி அறுந்து கார் ஸ்டார்ட் ஆகாதபோது, தளத்தில் இருக்கும் எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பது அதையே.